மடிப்பாக்கத்து வீட்டில் செங்காந்தள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 மே மாதக் கடைசியில், சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு தனி வீட்டின் பின்புறத் தோட்டத்தைப் பார்த்து யோசனை சொல்லும்படி என்னை அழைத்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற கணவரும் மனைவியும். மாடியில் மகனும் மருமகளும் மூன்று வயதுப் பேத்தியும். வாரத்துக்கு இரண்டு நாள் தோட்டக்காரர் வருவார். காலையில் சமையலுக்கு உதவ ஒரு பெண்மணி வருவார். பின்னால் நடந்தவற்றில் இவர்கள் எல்லோருக்கும் பங்கு இருப்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அந்த அம்மா அப்போதுதான் அமெரிக்காவின் வட கரோலினாவில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கிவிட்டுத் திரும்பியிருந்தார். ஏப்ரலில் மகள் வீட்டுக் கொல்லையில், ஓக் மரங்களின் அடியில், தரையோடு தரையாக வெளிர் ஊதாவில் பூத்துக் கிடந்த ஒரு சிறு செடியிலேயே அவர் மனம் நின்றுவிட்டது. ஐரிஸ் கிரிஸ்டாட்டா என்று அதற்குப் பெயர். அப்பலாச்சியன் மலைத்தொடரை ஒட்டிய காடுகளில் இயல்பாக வளர்வது. அரை அடி உயரத்துக்கு மேல் போகாது. கீழிதழ்களின் நடுவே மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சிறு கொண்டை இருக்கும். மகள் அதைத் தேடி வாங்கி வைத்ததே, அந்தக் காட்டுக்கு உரிய செடி என்பதால்தான். அதன் கிழங்குத் துண்டுகள் சிலவற்றை அடுத்த பயணத்தில் கொண்டுவந்து தம் வீட்டு மாமரத்தடியில் நட்டால் வருமா என்பது அம்மாவின் கேள்வி.

இடத்தில் கண்டவை

பின்கட்டு ஏறக்குறைய 12 அடி அகலம், 25 அடி நீளம். ஒரு மூலையில் அடர்ந்த மாமரம், எதிர் மூலையில் வேம்பு. மாமரத்தடியில் நாள் முழுவதும் கனத்த நிழல். வேம்பின் பக்கம் புள்ளி வெயில். இடையில் மல்லிகையும் கறிவேப்பிலையும் ஒரு முருங்கையும். மண்ணைத் தோண்டியதும் மேலே கட்டட இடிபாடு, அதன் கீழே கறுத்த களிமண். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அருகில் இருக்கும் தெருக்களில் இது புதிதல்ல. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கிடைக்கும் கடற்கரை மணலுக்கு நேரெதிர். ஒரு குழி வெட்டி வாளித் தண்ணீர் ஊற்றினோம். மணிக்கணக்கில் அப்படியே நின்றது.

போர்வெல் தண்ணீர் உப்பு. மல்லிகை இலைகளின் ஓரம் கருகியிருந்ததே அதற்குச் சாட்சி. தோட்டக்காரர் எல்லாச் செடிக்கும் அதையே, அதுவும் தவறாமல் நாள்தோறும் பாயும்படி, வீட்டாரிடம் சொல்லிவைத்திருந்தார். இந்த ஒரு பழக்கம்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

ஐரிஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தது

மறுத்ததற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, தட்பவெப்பம். வட கரோலினாக் காட்டில் அந்தச் செடி குளிர்காலம் முழுக்க இலைச்சருகின் கீழ் உறங்குகிறது. அந்தக் குளிரைக் கடந்துதான் வசந்தத்தில், மரங்கள் முழுதாகத் தழைத்து நிழல் கட்டும் முன், கிடைக்கும் வெளிச்சத்தில் பூத்துவிடுகிறது. சென்னையில் ஜனவரியின் சராசரிக் குறைந்த வெப்பநிலையே 20 டிகிரிக்குக் குறையாது. உறங்க வேண்டிய செடிக்கு உறங்கும் காலமே இங்கே வராது. வெப்பமும் ஈரமும் சேரும்போது மண்ணின் மேல்மட்டத்திலேயே படரும் அதன் கிழங்கு அழுகிப்போகும். இந்தியாவிலும் காட்டு ஐரிஸ்கள் உண்டு. ஆனால் அவை இமயமலைச் சரிவுகளுக்கு உரியவை. நம் சமவெளிக்கு அல்ல.

இரண்டாவது, சட்டம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி, நடுவதற்கான கிழங்கையோ விதையையோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுருட்டி எடுத்துவருவது பலர் செய்வதுதான். ஆனால் ஒரு பிடி அயல்மண்ணோடு வரும் பூஞ்சையும் நூற்புழுவும் நம் வயல்களுக்கு என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த அம்மாவும் வாதாடவில்லை.

ஐரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த தென் அமெரிக்கச் செடிகள் சில நம் நர்சரிகளிலேயே கிடைக்கும், வெப்பத்தையும் தாங்கும். அவற்றைச் சொன்னபோது அவர், "அது எந்த ஊர்ச் செடி சார்? எனக்கு இந்த ஊர்க் காட்டுல இருக்கறது வேணும்" என்றார். அவர் கேட்டது ஊதாப் பூவை அல்ல, மகள் செய்ததைப் போல இடத்துக்கு உரியதைத் தம் வீட்டில் வைத்துப் பார்ப்பதை என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. தேடலை அங்கிருந்தே தொடங்கினோம்.

எந்தச் செடி, எங்கிருந்து

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய வறண்ட பசுமைமாறாக் காடும் அதன் ஓரத்துப் புதர்க்காடும்தான் சென்னைக்குச் சொந்தமான காடு. கிண்டி தேசியப் பூங்காவில் அதன் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். இந்தக் காட்டின் தரைச்செடிகளில் பலவும் கோடையில் மண்ணுக்குள் ஒடுங்கிக்கொள்பவை. மழை விழுந்ததும் எழுபவை. நிலப்பனை, தண்ணீர்விட்டான், நரிவெங்காயம், செங்காந்தள் எல்லாமே அந்த வகை. அமெரிக்கக் காட்டுச் செடி குளிருக்கு அஞ்சி உறங்குகிறது, நம்முடையது வெயிலுக்கு.

அம்மா செங்காந்தளைத் தேர்ந்தார். தமிழ்நாட்டின் மாநில மலர் என்பதும், அவருடைய சிறு வயதில் வேலியில் ஏறிக் கிடந்ததைப் பார்த்த நினைவும் காரணங்கள். முதலில் நான் தயங்கினேன். குளோரியோசா சூப்பர்பா என்னும் இச்செடியின் ஒவ்வொரு பாகமும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. கோல்ச்சிசின் என்ற அந்த வேதிப்பொருள் மிகச் சிறிய அளவில் கீல்வாத வகை ஒன்றுக்கு மருந்தாகிறது என்பதால்தான் இதைத் திருப்பூர், திண்டுக்கல், கரூர் மாவட்டங்களிலும் வேதாரண்யம் பக்கமும் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அளவு மீறினால் சில மணி நேரத்தில் வாந்தி, கடும் பேதி. அடுத்த நாட்களில் எலும்பு மஜ்ஜையும் சிறுநீரகமும் கெடும். பிழைத்தவர்களுக்கும் தலைமுடி கொட்டும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீடு.

மகன், மருமகள் இருவரையும் கீழே அழைத்து உட்காரவைத்து இதையெல்லாம் சொன்ன பிறகே அடுத்த அடி எடுத்தோம். நான்கு ஏற்பாடுகள் பேசி முடிவாயின. வேம்பின் பக்கத்தைக் கம்பிவலையால் மறித்து, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வைப்பது. விதை பிடிக்கவிடாமல், வாடிய பூவைக் காம்போடு கிள்ளிவிடுவது. கிழங்கைத் தொடும்போது கையுறை. உதிர்ந்த தண்டையும் இலையையும் மாடு மேயும் இடத்தில் கொட்டாமல் மூடிய பையில் கட்டிப்போடுவது. கிழங்கு எங்கே உலரும் என்பதைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை.

குழந்தை விளையாடும் மாமரத்தடிக்கு நிலப்பனையை வைத்தோம். கனத்த நிழலிலும் வரும். தரையை ஒட்டி ஆறிதழ் மஞ்சள் நட்சத்திரமாகப் பூக்கும். அது வைத்த இடத்தில் நன்றாகவே வந்தது; அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

செங்காந்தள் கிழங்கைக் காட்டிலிருந்து எடுக்கக் கூடாது என்பதில் ஆரம்பத்திலேயே உறுதியாக இருந்தோம். கிண்டி போன்ற தேசியப் பூங்காவிலிருந்து செடியை எடுப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது ஒரு பக்கம். கிழங்குக்காகத் தோண்டித் தோண்டியே இச்செடி பல காடுகளில் அருகிவிட்டது. அதை நேசிப்பவர்களே தோண்டலாமா? பயிரிடும் விவசாயி ஒருவரிடமிருந்து பத்துக் கிழங்குகள் வாங்கினோம். ஒவ்வொன்றும் 50 கிராமுக்குக் குறையாமல், கலப்பை போல இரு கையாகக் கிளைத்து வந்தவை. கலப்பைக் கிழங்கு என்றே சொல்வார்கள்.

முதல் பருவம்

கிழங்கின் கை நுனியில்தான் முளைக்கண் இருக்கும். அந்த நுனி உடைந்தால் அந்தக் கை அவ்வளவுதான். பத்தில் ஒன்று வழியிலேயே இரண்டு நுனியும் உடைந்து வந்திருந்தது. அதையும் நட்டுப் பார்க்கலாம் என்றார் அம்மா, நட்டோம், முளைக்கவில்லை.

2022 ஜூலையில் ஆறு கிழங்குகளை வேம்பின் ஓரத்து நிலத்திலும், நான்கைத் தொட்டிகளிலும் வைத்தோம். நிலத்தில் இடிபாட்டை அகற்றி, செம்மண்ணும் மணலும் இலைமட்கும் கலந்து நிரப்பினோம். தொட்டிக்கும் அதே கலவை. வேப்பம் புண்ணாக்கோடு, அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கலந்து அடியில் இட்டோம். கிழங்கைப் படுக்கைவாட்டில் வைத்து மேலே மூன்று அங்குல மண். இரண்டு இடத்திலும் வைத்தது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத்தான். களிமண் வீட்டில் எது நிற்கும் என்பதை ஒரே பருவத்தில் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

ஆகஸ்ட் நடுவில் ஒன்பது முளைகள் வந்தன. ஒரு கண்ணிலிருந்து ஒரே தண்டு. அது ஒடிந்தால் அந்த ஆண்டுப் பூ பெரும்பாலும் போனதுதான். சருகு பெருக்கும்போது துடைப்பம் பட்டு ஒன்று ஒடிந்தது. அதற்குப் பிறகு வலைக்குள் பெருக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சருகு கிடக்கட்டும், காட்டில் யார் பெருக்குகிறார்கள்.

இந்தச் செடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பிடித்துக்கொள்ளும். தோட்டக்காரர் நட்டிருந்த தடித்த மூங்கில் கழிகளை அதனால் பிடிக்க முடியவில்லை. நுனி ஒரு சுற்றுகூட முடியாமல் நழுவியது. முருங்கையிலும் வேம்பிலும் கழித்த காய்ந்த விளார்களைச் செருகியதும் நான்கைந்து நாட்களில் எல்லாம் ஏறிவிட்டன. இன்னொன்றையும் அப்போது கவனித்தோம். போர்வெல் தண்ணீர் விட்ட நிலத்துச் செடிகளில் இலை நுனி கருகத் தொடங்கியது. வேறு செடியில் அது அழகு குறையும், அவ்வளவே. இங்கே கருகும் நுனிதான் கை. கருகிய இலைகள் பற்றவில்லை, தண்டு சாய்ந்தது. அன்றிலிருந்து இந்தச் செடிகளுக்கு மெட்ரோ குழாய்த் தண்ணீரும் பிடித்துவைத்த மழைத் தண்ணீரும் மட்டும்.

அக்டோபர் முதல் வாரம் முதல் பூ விரிந்தது. பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, நாளுக்கு நாள் ஆரஞ்சேறி, கடைசியில் முழுச் சிவப்பாகிவிடும். ஒரே கொடியில் மூன்று நிலையும் சேர்ந்து நிற்கும்போது பார்க்க வேண்டும். நான் எத்தனையோ தோட்டங்களில் வேலை செய்திருக்கிறேன், இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆறு செடிகள் பூத்தன. மூன்று இலையோடு நின்றன.

பூக்கும் நாட்களிலேயே புழுவும் வந்தது. கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள். பாலிடெலா குளோரியோசே என்னும் அந்துப்பூச்சியின் புழு. இந்த நஞ்சைத் தின்று வாழப் பழகிய உயிர். கும்பலாக வந்தால் ஓரிரு நாளில் தண்டு மட்டும் மிஞ்சும். மருந்தடிக்கலாமா என்று வீட்டார் கேட்டார்கள். ஒன்பதே செடிக்கு மருந்து எதற்கு. காலையிலும் மாலையிலும் கையுறை போட்டுப் பொறுக்கினால் போதும் என்று முடிவு செய்தோம். ஐயா அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஒரு வாரத்தில் கட்டுக்குள் வந்தது.

உறக்க மாதங்கள்

டிசம்பர் கடைசியில் இலைகள் மஞ்சளாகி, பொங்கலுக்குள் தண்டுகள் காய்ந்தன. பழைய கிழங்கு சுருங்கி அழிந்து, அதன் இடத்தில் புதுக் கிழங்கு முற்றும் காலம் இது. மேலே ஒன்றும் தெரியாது. தோட்டக்காரர், "பட்டுப்போச்சும்மா, பிடுங்கிடவா?" என்று கேட்டார். அம்மா தடுத்துவிட்டார். அதுவரை சரி.

ஆனால் தண்ணீர் ஊற்றுவது நிற்கவில்லை. நிலத்துக் கிழங்குகளுக்குப் பக்கத்திலேயே மல்லிகையும் கறிவேப்பிலையும் இருந்தன. அவற்றுக்கு நாள்தோறும் பாய்ச்சிய தண்ணீர், சரிவின் வழியே இங்கேயும் வந்து ஊறியது. செடி பட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற அக்கறையில் அம்மாவும் பூவாளியில் தனியாக ஊற்றியிருக்கிறார். தொட்டிகளின் கதை வேறு. காய்ந்த தொட்டி கண்ணுக்கு நன்றாக இல்லை என்று பிப்ரவரியில் அவற்றை மாடிப்படியின் அடியில் தள்ளிவைத்துவிட்டார்கள். யாரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

2023 மே மாதம் தோண்டினோம். நிலத்தில் ஐந்து செடி இருந்த இடத்தில் நாற்றமெடுத்த கூழ்தான் இருந்தது. மறக்கப்பட்ட நான்கு தொட்டிகளில் நான்கிலும், உலர்ந்து தூளான மண்ணுக்குள், கெட்டியான இரட்டைக் கிழங்குகள். ஒரே விவசாயியின் கிழங்கு, ஒரே மண்கலவை, ஒரே மரத்தின் நிழல். பெரிதாக வேறுபட்டது உறக்க மாதத்துத் தண்ணீர்தான்.

வீட்டுத் தோட்டக்காரர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். பூக்கும் செடிக்குச் செய்ய வேண்டியதை எல்லோரும் கேட்கிறார்கள். உறங்கும் செடிக்குச் செய்யக் கூடாததை யாரும் கேட்பதில்லை. பிப்ரவரி முதல் ஜூன் வரை நம் புதர்க்காட்டுத் தரை வெடித்துக் கிடக்கிறது. அந்த வறட்சியைக் கடப்பதற்காகவே இந்தச் செடி தன்னைக் கிழங்காக மாற்றிக்கொண்டிருக்கிறது. அப்போது ஊற்றும் தண்ணீர் அதற்கு உதவி அல்ல.

கிழங்கு உலர்ந்த இடம்

தோண்டிய கிழங்குகளைக் கழுவி, நிழலில் உலர்த்தச் சொல்லிவிட்டுப் போனேன். நிழலும் காற்றும் உள்ள இடம் என்று அம்மா சமையலறைக்குப் பின்னால் இருக்கும் வேலைத் தாழ்வாரத்தில் ஒரு முறத்தில் பரப்பியிருக்கிறார். பக்கத்திலேயே வெங்காயக் கூடையும் சேப்பங்கிழங்கும்.

மறுநாள் காலை சமையலுக்கு வந்த பெண்மணி முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்மா, இந்தக் கெழங்க வறுக்கவா, புளிக்கொழம்புல போடவா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டதால் தப்பித்தது. பார்ப்பதற்குச் சின்ன சர்க்கரைவள்ளி போலத்தான் இருக்கும். கிழங்கென்று நினைத்துத் தின்று உயிர் போன நிகழ்வுகள் இச்செடியின் வரலாற்றில் உண்டு.

நாங்கள் செய்திருந்த ஏற்பாடுகள் எல்லாம் குழந்தையை மனத்தில் வைத்து, பூத்து நிற்கும் செடியைச் சுற்றிச் செய்தவை. வலையும் தாழ்ப்பாளும் சரியாகவே இருந்தன. ஆபத்து வந்தது செடி தோட்டத்தை விட்டு வீட்டுக்குள் வந்தபோது, பெரியவர்கள் கைவழியாக. செடியைப் பற்றிய பேச்சில் அந்தப் பெண்மணியை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுப்பங்கரை அவர் பொறுப்பில் இருந்தும்.

அன்று மாலையே மாற்றினோம். பழைய கம்பிவலை அலமாரி ஒன்றை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்துப் பூட்டுப் போட்டோம். கிழங்குகள் உலர்ந்த மணலில் புதைந்து அதற்குள்தான் இருக்கும். அலமாரியில் சிவப்பு மையில் 'விஷம்' என்று பெரிய எழுத்து. மண்டையோட்டுப் படம், படிக்கத் தெரியாதவர்களுக்காக. கழுவப் பயன்படுத்திய முறத்தையும் பேசினையும் சமையலறைக்குத் திரும்ப எடுக்கவில்லை. அந்தப் பெண்மணி, தோட்டக்காரர், வீட்டார் எல்லோரையும் ஒன்றாக வைத்து, யாராவது தவறித் தின்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே 108ஐ அழைத்து, செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொன்னோம். முதல் சில மணி நேரம் ஆள் நன்றாகவே தெரிவார் என்பதுதான் இந்த நஞ்சின் கொடுமை.

மேட்டுப்பாத்தியும் மிக்ஜாமும்

2023 ஜூன் மூன்றாம் வாரம் சென்னையில் வழக்கத்துக்கு மாறான கனமழை. அலமாரி மணலுக்குள்ளேயே இரண்டு கிழங்குகளின் கண் வெளுத்து வீங்கத் தொடங்கியிருந்தது. மேலும் ஆறு கிழங்குகள் வாங்கிச் சேர்த்து மறுபடி பத்தாக்கினோம்.

இந்த முறை நிலத்தில் வைக்கவில்லை. ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி ஒன்றரை அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி. அடியில் உடைந்த செங்கல், மேலே மணல் கூட்டிய செம்மண் கலவை. மல்லிகைக்கும் பாத்திக்கும் நடுவே ஒரு சின்ன வாய்க்கால். இடம் சற்றுச் சரிவாக இருந்ததால் பாத்தியின் ஒரு ஓரம் மற்றதைவிட அரை அடி தாழ்வு. மட்டம் பார்த்துக் கட்டலாமா என்ற பேச்சு வந்தது. தண்ணீர் வடிய அந்தச் சரிவு நல்லது என்று அப்படியே விட்டோம். பத்தும் முளைத்தன. ஏழு பூத்தன.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை. மடிப்பாக்கத்தின் பல தெருக்களைப் போல இந்தத் தெருவிலும் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. குடும்பம் மாடிக்குப் போய்விட்டது. தோட்டத்தைப் பற்றி நினைக்கவே யாருக்கும் நேரமில்லை. தண்ணீர் முழுதாக வடிய நான்கு நாட்கள் ஆயின. பாத்தியின் உயர்ந்த ஓரம் தண்ணீருக்கு மேலேயே இருந்திருக்கிறது; தாழ்ந்த ஓரம் சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறியிருக்கிறது. சுவரில் பதிந்த கறை அதைக் காட்டியது.

தாழ்ந்த வரிசையில் நான்கு செடிகள். இலை இன்னும் பச்சையாகவே இருந்தது. கிழங்கு முற்ற ஒரு மாதமாவது வேண்டும். இப்போதே தோண்டினால் கிழங்கு சிறுத்திருக்கும். விட்டுவைத்தால் காற்றில்லாத சேற்றில் அழுகலாம். முந்தைய ஆண்டு நிலத்தில் பார்த்த கூழ் எங்களுக்கு மறக்கவில்லை. ஒரு செடியின் ஓரத்தை விரலால் கிளறிப் பார்த்தோம்: கிழங்கு கெட்டியாகவே இருந்தது, ஆனால் வேர்கள் பழுத்து வழுக்கின. வேர் போன பிறகு இலை பச்சையாக இருந்து என்ன பயன்? நான்கையும் தோண்டினோம். நல்ல தண்ணீரில் கழுவி, டிரைக்கோடெர்மா கரைசலில் நனைத்து, நிழலில் உலர்த்தி, மணலில் வைத்தோம். உயர்ந்த வரிசையின் ஆறையும் தொடவில்லை. பாத்தியின் மேல்மண்ணை மட்டும் கிளறிக் காற்றோட விட்டோம்.

2024 மார்ச்சில் ஆறும் முற்றிய இரட்டைக் கிழங்குகளைத் தந்தன. முன்கூட்டித் தோண்டிய நான்கில் ஒன்று மணலிலேயே சுருங்கிப்போனது. மூன்று, விரல் கடை அளவில் சிறுத்தாலும் உயிரோடு இருந்தன.

2024இல் நிலைமை

பாத்தியைச் சமமாக இரண்டடிக்கு உயர்த்தினோம். பெரிய கிழங்குகள் மூன்றை மட்டும் கை பிரியும் இடத்தில் வெட்டிப் பிரித்து, வெட்டுவாயில் சாம்பல் தடவி ஒரு நாள் உலர்த்தினோம். வெட்டாதவற்றையும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு. ஜூலையில் நட்டவற்றில் பதினொன்று முளைத்தன, எட்டு பூத்தன. வெள்ளத்தில் தப்பிய மூன்றும் அந்த ஆண்டு இலையோடு நின்று கிழங்கைப் பெருக்கிக்கொண்டன.

ஒரே ஒரு கொடியில் மட்டும் விதை பிடிக்கவைத்துப் பார்க்க அம்மா விரும்பினார். இந்தப் பூவில் சூல்தண்டு அடியிலேயே வளைந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். தானாகச் சேர்வது அரிது என்பதால்தான் விவசாயிகள் காலையில் கையால் மகரந்தம் தொட்டுவைக்கிறார்கள். அதைப் போலவே வேறொரு செடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் தொட்டுவைத்தார். மூன்று காய்கள் பிடித்தன. அவை வெடிக்கும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டி மூடினோம். உள்ளே இருப்பது சிவந்த மணி விதைகள். எந்தக் குழந்தையின் கையும் அதற்கு நீளும்.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் தெருவில் மறுபடி தண்ணீர் நின்றது. பாத்தியை எட்டவில்லை.

உபரிக் கிழங்குகளை அக்கம்பக்கத்தார் கேட்டபோது ஒரு வரையறை வைத்தார்கள்: சிறு குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டுக்குத் தருவதில்லை, தரும் வீட்டில் சமைப்பவரிடமும் நேரில் சொல்லாமல் தருவதில்லை. இதைச் சொன்னவர் அம்மா அல்ல. முறத்தைக் கையில் எடுத்து அன்று கேள்வி கேட்ட அந்தப் பெண்மணி.

மறுபடி தொடங்கினால் மாற்ற வேண்டியவை

களிமண் வீட்டில் நிலத்தில் நடும் சோதனையைச் செய்ய மாட்டேன். குழியில் நின்ற வாளித் தண்ணீரே போதுமான விடை. மேட்டுப்பாத்தியை முதல் ஆண்டிலேயே, மட்டம் பார்த்து, அந்தத் தெருவின் பழைய வெள்ளக் கறைக்கு மேல் வரும்படி கட்டச் சொல்வேன். கறை எங்கே என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் 2015 வெள்ளத்தின் அடையாளத்தைச் சுவரில் தொட்டே காட்டுவார்கள்.

நாள்தோறும் தண்ணீர் கேட்கும் செடிகளை உறங்கும் செடிகளின் பக்கத்தில் வைக்கக் கூடாது. பழகிய கை நிற்காது. இந்த வீட்டில் அறிவுரை சொல்லிப் பயனில்லை. பாத்தியைத் தள்ளிக் கட்டிய பிறகுதான் தண்ணீர் ஊற்றுவது நின்றது. உறக்க மாதங்களில் பாத்தியின் மேல் ஓலைத் தட்டி ஒன்றைப் போட்டு மூடவும் தொடங்கியிருக்கிறோம். கோடை மழையைத் தடுப்பதற்கு மட்டுமல்ல. மூடியிருப்பதைப் பார்த்தால் யாரும் பூவாளியைத் தூக்குவதில்லை.

நஞ்சுள்ள செடியைப் பற்றிய முதல் பேச்சில் வீட்டில் வேலை செய்பவர்கள் எல்லோரும் உட்கார வேண்டும். நடும் இடத்தோடு, தோண்டிய கிழங்கு போய்ச்சேரும் இடத்தையும் அன்றே முடிவுசெய்து, பூட்டும் வாங்கிவைத்த பிறகே கிழங்கு வாங்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டில் இன்று யாராவது கேட்டால், நிலப்பனையோடு தொடங்கச் சொல்கிறேன்; செங்காந்தள் சில ஆண்டுகள் காத்திருக்கலாம்.

இதை எழுதும் இப்போது கிழங்குகள் அலமாரி மணலில் இருக்கின்றன. பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். சிவப்பு எழுத்தைப் படிக்கத் தெரியும். வலையையும் தாழ்ப்பாளையும் எடுத்துவிடலாமா என்று மகன் கேட்டார். அவள் படிப்பாள், அவளோடு விளையாட வரும் குழந்தைகளும் படிப்பார்களா என்று அம்மா கேட்டார். வலை அப்படியே இருக்கிறது. நடவு ஜூலை முதல் வாரம்.